டிலே குமிழும் பிறர் விரல்களும்

கலியாண மண்டபத்தில் சிந்தசைசர் வாசிப்பவரின் பெட்டியில் இருக்கும் எந்தக் குமிழையும் திருக, அவரைத் தவிர எல்லாருக்கும் உரிமை உண்டு. இதே தொழிலில் நொந்துபோயிருக்கும் சகோதரங்களே, உங்களுக்கு விளங்கும். மற்றவர்களுக்கு ஒரு வார்த்தை: ஒரு சத்தத்தை மெல்ல அசைத்து, நாலு பேர் சேர்ந்து வாசிப்பதுபோல் தடிப்பாக்குவது கோரஸ். அடித்த சுரத்தைக் கொஞ்சம் பிந்தித் திரும்பத் திரும்பச் சொல்வது டிலே. இரண்டும் என் பெட்டிக்குள்ளேயே இருக்கின்றன. இரண்டாலும் பதினொரு வருடமாக ஏச்சு வாங்குகிறேன்.

சுருதி ஆடுது

வெள்ளவத்தையில் ஒரு ரிசெப்ஷன். பெண்ணும் மாப்பிள்ளையும் உள்ளே வரும்போது வாசிக்க, வயலின் கூட்டம் போன்ற ஒரு சத்தத்தைக் கோரஸ் போட்டு இரண்டு நாள் இருந்து செய்திருந்தேன். வாசிக்கத் தொடங்கியதும் பெண்ணின் பெரியப்பா மேடைக்கு ஏறி வந்துவிட்டார். அவர் வீட்டில் ஆர்மோனியம் இருக்கிறதாம்; என் பெட்டியில் சுருதி ஆடுகிறதாம். கோரஸ் என்றால் அந்த அசைவுதான் என்று நான் சொல்லச் சொல்ல, என் கையைத் தாண்டி விரலை நீட்டி ஒரு பொத்தானை அமுக்கினார். வயலின் கூட்டம் போய், விசில் மாதிரி ஒரு கீச்சு மிஞ்சியது. பெண் அப்போது பாதி வழியில். எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. அவர் திருப்தியாகத் தலையாட்டினார்.

"இப்ப பாருங்கோ தங்கச்சி, ஒரு ஆட்டமும் இல்லை. இனியாவது பெட்டியைத் திருத்திப்போட்டு வாங்கோ."

தூசி

கொட்டாஞ்சேனையில் எங்கள் கத்தோலிக்கக் கோயிலில் ஞாயிறு பூசைக்கு நான்தான் வாசிப்பேன். கோயில் வேலைகளைப் பார்க்கும் சூசை அண்ணன் சுத்தம் என்றால் உயிரை விடுவார். ஒருநாள் பூசைக்கு முன் என் பெட்டியையும் துணியால் அழுத்தித் துடைத்திருக்கிறார். டிலே எத்தனை தரம் திரும்பிச் சொல்ல வேண்டும் என்று வைக்கும் குமிழ், துணியோடு சேர்ந்து கடைசிவரை திரும்பிவிட்டது. எனக்குத் தெரியாது. பிரசங்கம் முடிந்து எல்லாரும் மௌனமாக இருந்த நேரம், பாடகர் குழுவுக்குச் சுருதி கொடுக்க ஒரு கட்டையை மெல்லத் தொட்டேன். அது அடங்கவில்லை. திரும்பி வந்தது, இன்னும் பலமாக வந்தது, பிறகு துறைமுகத்தில் கப்பல் ஊதுவதுபோல் ஊதியது. வயரைப் பிடுங்கித்தான் நிறுத்தினேன்.

பூசை முடிய சாமியார் கூப்பிட்டு ஏசியது என்னை. சூசை அண்ணனிடம் போய் நியாயம் கேட்டேன். அவருக்கு என்னைவிடக் கோபம்.

"துடைக்கவே ஏலாத சாமான எதுக்குப் புள்ள கோயிலுக்குக் கொண்டுவாறீங்க?"

ஏத்தித் தாங்க

நான் ஆறு வருடம் வாசித்த இசைக்குழுவின் தலைவர் டெரன்ஸ் அண்ணன். ஒருநாள் பென் டிரைவோடு வீட்டுக்கு வந்தார். தன் மச்சினனுக்கும் என்னுடையதைப் போலவே ஒரு பெட்டி எடுத்துவிட்டாராம். இனி மச்சினன்தான் வாசிப்பாராம். நான் காது வைத்து ஒவ்வொன்றாகச் செய்து சேமித்த சத்தங்கள் எல்லாம் வேண்டுமாம்.

"எல்லாத்தையும் தந்திட்டு நான் என்ன செய்யிற, அண்ணன்?" என்றேன்.

"கோவிக்காதீங்க தங்கச்சி. எப்படியும் பெட்டிதானே வாசிக்குது."

அந்தச் சொல் சுட்டது. பாடகர் வேகம் மாறும்போதெல்லாம் டிலேயும் மாற வேண்டும். அதற்காக இடக்கையால் வாசித்துக்கொண்டே, வலக்கை விரலால் ஒரு பொத்தானைத் தாளத்துக்குத் தட்டுவேன். பக்கத்தில் நின்ற மனிதர் ஆறு வருடமாக அதைக் கண்டதே இல்லை! நான் வாதாடவில்லை. ஒன்று விடாமல் ஏற்றிக் கொடுத்தேன். தட்டுவதைப் பற்றி அவர் கேட்கவில்லை, நான் சொல்லவும் இல்லை.

அடுத்த சனிக்கிழமை பின்னேரம் கிருலப்பனை மண்டபத்திலிருந்து டெரன்ஸ் அண்ணனின் ஃபோன் வந்தது. ட்ரம்ஸ் ஒரு பக்கமும் டிலே ஒரு பக்கமும் இழுபடுவது எனக்கே கேட்டது.

"தங்கச்சி, நாங்க முன்னுக்குப் போறம், பெட்டி பின்னுக்கு வருது. ஒரு ஆட்டோ புடிச்சு ஓடி வாங்க!"

நான் போகவில்லை. வாசிக்கிற ஆள் ஒருவர் இருந்தார் என்பதே, அவர் வராத அன்றைக்குத்தான் இந்தத் தொழிலில் சனத்துக்குத் தெரியவருகிறது.