கயல் எதையும் மறைக்கவில்லை

சத்யப்பிரியாவுக்குக் கோபம் வந்தால் பேச்சு நின்றுவிடும். கை மட்டும் ஓடும்.

கடலூர் முதுநகரிலிருந்து தினமும் ரயிலேறிப் போய் சிதம்பரத்தில் ஒரு ஃப்ளெக்ஸ் கடையில் டிசைனர் வேலை பார்த்தாள். மிச்ச நேரமெல்லாம் ஜப்பான்காரர்களின் மாங்கா பாணியில் படக்கதை வரைந்து இணையத்தில் போடுவாள். கதாநாயகி கயல் இரண்டு பேரைக் காதலிப்பவள். ஒருத்தன் படகு மெக்கானிக், இன்னொருத்தன் தவில்காரன். இருவரையும் எதிரெதிரே உட்காரவைத்து, "எனக்கு ரெண்டு பேருமே வேணும். இஷ்டமில்லாதவங்க எழுந்து போலாம்" என்று கயல் சொன்ன பக்கத்துக்கு வந்த திட்டும் பாராட்டும் கொஞ்சநஞ்சமல்ல.

அந்தப் பக்கத்துக்கு வண்ணம் போட்டுக் கொடுத்தவன் இளவரசு. கடலூரில் செல்போன் கடையில் வேலை. சில வருஷமாக அவளுடைய காதலன்.

மாசி மாதம் பவானி என்றொரு நர்ஸ் ஃப்ளெக்ஸ் கடைக்கு வந்தாள். நிச்சயதார்த்த பேனருக்குப் போட்டோ கொடுத்தாள். கம்ப்யூட்டரில் திறந்தால், பவானியின் தோளில் கை போட்டபடி சிரிக்கிறான் இளவரசு.

சத்யப்பிரியாவின் கை மட்டும் ஓடியது. வந்தவள் கேட்ட ரோஜாப்பூ பார்டர் முதற்கொண்டு வைத்து பேனரை முடித்துக் கொடுத்தாள்.

அன்று சாயங்காலம் சில்வர் பீச்சுக்கு அவனை வரச் சொன்னாள். அவன் பதறவேயில்லை.

"ரெண்டு பேர் மேலயும் ஆசைதான் சத்யா. உன் கயல் மட்டும் பண்ணலாமா? வேற யாருக்குப் புரியலன்னாலும் உனக்குப் புரியும்னு நெனச்சேன்."

"கயல் ரெண்டு பேர்கிட்டயும் சொல்லிட்டுப் பண்ணா. நீ யார்கிட்ட சொன்ன?"

அவன் ஏமாற்றியதைவிட, தன் கயலைப் பொய்க்குத் துணைக்கு இழுத்ததுதான் அவளைச் சுட்டது.

அடுத்த அத்தியாயத்தில் புதிதாக ஒருத்தன் வந்தான். பெயர் யுவராஜ். இளவரசுவின் அதே வெட்டுப்பட்ட புருவம், அதே கோணல் சிரிப்பு. இரண்டு ஊரில் இரண்டு பெண்களிடம், "நீ இல்லன்னா நான் வெறும் பேருக்குத்தான் ராஜா" என்று ஒரே வசனத்தைச் சொன்னான். சத்யப்பிரியாவிடம் இளவரசு சொன்ன வசனம் அது. மாட்டிக்கொண்டதும் அவன் கயல் காலடியில் போய் ஒளிகிறான். கயல் செருப்பைக் கழற்றுகிறாள்.

கடலூர் முழுக்க அது ஃபோனுக்கு ஃபோன் தாவியது. செல்போன் கடைக்கு வந்தவர்கள் "வாங்க யுவராஜ்" என்று கூப்பிட்டார்கள். மூன்றாம் நாள், வரைந்தது யாரென்று விசாரித்துக்கொண்டு பவானி ஃப்ளெக்ஸ் கடை வாசலில் வந்து நின்றாள்.

"அந்த டயலாக் உங்களுக்கு எப்டிங்க தெரியும்?"

"என்கிட்டயும் சொன்னான்."

பவானி அங்கேயே ஸ்டூலில் உட்கார்ந்து அழுதாள். பிறகு, "அன்னிக்கே வாயத் தொறந்து சொல்லியிருக்கலாம்ல? ஊரே பாத்தப்புறம்தான் எனக்குத் தெரியணுமா?" என்றாள். அந்த ஒரு கேள்வி மட்டும் சத்யப்பிரியாவை இன்றும் உறுத்துகிறது.

நிச்சயதார்த்தம் நின்றது. வேலையை விட்டுவிட்டு இளவரசு விழுப்புரம் போய்விட்டான். அங்கிருந்து அவன் அம்மா ஃபோன் செய்தார்.

"இங்கேயும் அந்தப் படத்தக் காட்டிச் சிரிக்கிறாங்கம்மா. எடுத்துடேன்."

"உங்க மேல எனக்கு ஒண்ணும் இல்ல அத்தை. ஆனா எடுக்க மாட்டேன்" என்றாள் சத்யப்பிரியா.

படம் இன்னும் இணையத்தில்தான் இருக்கிறது. யுவராஜை மன்னித்துவிடச் சொல்லி வாசகர்கள் சிலர் எழுதுகிறார்கள். அவள் பதில் போடுவதில்லை. போன வார அத்தியாயத்தில் யுவராஜுக்கு முன்பல்லை உடைத்திருக்கிறாள்.