கம்பியில் ஒரு மரியாதை

பாடியா பள்ளத்தாக்கில் நிவெஸின் வாய்க்குப் பயப்படாதவர்கள் குறைவு. மலைமேல் விடுதியில் சமையல் அவளுக்கு. பாறையில் ஆணியடித்துக் கட்டிய இரும்புக் கம்பியில் இடுப்புக் கயிற்றின் இரண்டு கொக்கிகளை, ஒன்று எப்போதும் கம்பியில் இருக்கும்படி, மாற்றி மாற்றி மாட்டி ஏறித்தான் வேலைக்குப் போவாள்.

அந்தக் கம்பியைப் பிடித்துவிட்டால் பிஷப்பையும் 'நீ' என்றுதான் கூப்பிட வேண்டும். அது அங்கே வழக்கம். நிவெஸ் மட்டும் தன்னோடு ஒரே பெஞ்சில் படித்த ஆல்பினோவைக் கம்பியிலும் 'நீங்க' என்பாள். அந்நியனாக ஒதுக்கிவைக்க இதைவிடப் பெரிய வசவு அந்த ஊரில் இல்லை.

அவள் புருஷன் துல்லியோ அந்தப் பாறையில் விழுந்து செத்தான். 'இரண்டு கொக்கியையும் ஒரே நேரத்தில் கழற்றிவிட்டான், முட்டாள்' என்று ஊர் முழுக்கச் சொல்லித் திரிந்தவன் ஆல்பினோ. கம்பியைப் பழுது பார்ப்பவனும் அவன்தான். ஆணிதான் பெயர்ந்தது என்று நிவெஸ் தொண்டை கிழியக் கத்தினாள். ஒருவரும் நம்பவில்லை.

ஆகஸ்டில் ஒரு மதியம் இடி உறுமத் தொடங்கியது. ஏறிக்கொண்டிருந்த நிவெஸும் இறங்கிக்கொண்டிருந்த ஆல்பினோவும் குறுகலான விளிம்பில் எதிரெதிரே மாட்டிக்கொண்டார்கள்.

“நிவெஸ், பாறையோட ஒட்டிக்க. இந்தக் கொக்கிய உனக்கு அந்தப் பக்கம் மாட்டு, நான் தாண்டிடறேன். இடியில கம்பியப் பிடிச்சிருந்தா கருகிடுவோம்.”

கொக்கியை வாங்கியவள் மாட்டவில்லை.

“ஆணி ஆடுச்சா, இல்லையா? சொல்லுங்க.”

“இப்பப் போய் இதக் கேக்கறியே! பைத்தியமா உனக்கு?”

“ஆமாங்க. சொல்லுங்க.”

பக்கத்துச் சிகரத்தில் மின்னல் இறங்கியது. ஆல்பினோவின் முகம் வெளுத்துவிட்டது.

“ஆடுச்சு. பாத்தேன். அடுத்த வாரம் பாத்துக்கலாம்னு விட்டுட்டேன். போதுமா?”

கொக்கியை உதறிவிடலாம் என்று நிவெஸுக்குத் தோன்றியது. ஆனாலும் மாட்டினாள். அவன் அவளைச் சுற்றிக் கடந்து அந்தப் பக்கம் போய்ச் சேர்ந்தான்.

“சொல்லிட்டேன்ல? இனிமேலாவது 'நீ'ன்னு கூப்பிடு, நிவெஸ்.”

“நீதான்டா அவனக் கொன்ன. கொன்னுட்டு முட்டாள்னும் சொன்ன. கீழ போய், பார்ல எல்லாரும் இருக்கும்போது, எங்கிட்டச் சொன்னத அப்படியே சொல்லு.”

அவள் ஏறிப் போய்விட்டாள். மழை கொட்டியது. தலைக்கு மேல் இடி இடித்தும், ஆல்பினோ ஊரைப் பார்த்தபடி இறங்காமல் அங்கேயே நின்றான்.