எட்டாவது டிராக்

கே.கே. நகர் மார்க்கெட்டில் முருங்கைக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தபோதுதான் செல்வியின் போன் வந்தது. செல்வி, அருளின் மனைவி. பட்டினப்பாக்கத்தில் மீன் கடை போட்டிருப்பவள். "அக்கா, அவரு பூட்டாருக்கா. காத்தால டீ குடிச்சிக்கினு இருந்தாரு, அப்படியே சாஞ்சிட்டாரு" என்றாள். கையில் இருந்த காயைக் கீழே வைக்கவும் தோன்றாமல் நின்றேன். கடைக்காரர்தான் வாங்கி வைத்தார்.

எங்கள் மெல்லிசைக் குழுவின் கல்யாணக் கச்சேரிகளைக் கேட்டவர்களுக்கு அருளின் முகம் நினைவில் இருக்காது. பாடகர்களுக்குப் பின்னால், சாப்பாட்டுத் தட்டு அகலத்தில் ஒரு பெட்டியைக் குனிந்து பார்த்துக்கொண்டே இருப்பானே, அவன்தான். அந்தப் பெட்டியின் பெயர் சீக்குவென்சர். எந்தச் சத்தம் எப்போது வர வேண்டும் என்று முன்கூட்டியே பதிந்துவைத்தால், மேடையில் அது தப்பாமல் வாசிக்கும். நான் தபேலாக்காரி. பெட்டி வந்த ஆறே மாதத்தில் டிரம்ஸ் வாசித்தவரும் காங்கோ வாசித்தவரும் வீட்டுக்கு அனுப்பப்பட்டார்கள். அடுத்தது நான்தான் என்று எல்லோருக்கும் தெரியும். என் மகளின் கல்லூரிப் படிப்பு அந்தத் தபேலாவில்தான் ஓடிக்கொண்டிருந்தது. அதனால் எனக்கு அருளைப் பிடிக்காது. இப்போது சொல்வதற்கென்ன.

அவனுக்கு அது உறைக்கவே இல்லை. மயிலாப்பூரில் நாங்கள் ஒத்திகை பார்க்கும் மாடியில் வலிய வந்து பக்கத்தில் உட்காருவான். "ஸ்டெப்னா படிக்கா. பதினாறு பட்டன், பதினாறு படி. எந்தப் படில தட்டணுமோ அதுல லைட்டு போட்டு வுட்டா போதும். பதினாறும் சேந்தா ஒரு பேட்டர்ன். பேட்டர்னைக் கோத்துக்கினே போனா பாட்டு." ஸ்விங் என்றால் என்ன என்று ஒருநாள் நானே கேட்டுத் தொலைத்தேன். "ரெண்டாவது படி கொஞ்சம் லேட்டா வர்றதுக்கா. நீ ஒத்திகைக்கு வர்ற மாதிரி" என்றான். குழுவே சிரித்தது. முறைக்கத்தான் பார்த்தேன், எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

பெட்டியில் எட்டு டிராக்குகள். ஒவ்வொரு வாத்தியத்துக்கும் ஒன்று. வேண்டாததன் ம்யூட் பட்டனை அழுத்தினால் சிவப்பு விளக்கு எரியும், அது வாயை மூடிக்கொள்ளும். "நின்னு போச்சா?" என்று கேட்டேன். "நிக்கலக்கா. உள்ள ஓடிக்கினுதான் கீது. சத்தம் மட்டும் வெளில வராது" என்றான்.

ஒரு மதியம் என் தபேலாவுக்கு முன்னால் மைக்கை வைத்து, ஒவ்வோர் அடியையும் தனித்தனியாக அடிக்கச் சொன்னான். "மைக் செக்குக்கா" என்றான். நா, தின், கெ என்று அரை மணி நேரம். கல்யாணத்துக்குப் பெண் பார்ப்பவர்கள்கூட இவ்வளவு பார்க்க மாட்டார்கள் என்று சலித்துக்கொண்டே அடித்தேன்.

மறுவாரம் குழுவின் ஓனர் எல்லோர் முன்னிலையிலும் கேட்டார்: "தபேலாவையும் பொட்டில ஏத்தச் சொன்னேனே, இன்னாச்சு அருளு?" அருள் ஒரு பட்டனைத் தட்டினான். தகர டப்பாவைக் கரண்டியால் தட்டியதுபோல் என்னமோ வந்தது. "வரல ஓனர். இன்னான்னாவோ பண்ணிப் பாத்துட்டேன். அக்கா கை இதுல வர மாட்டேங்குது" என்று தலையைச் சொறிந்தான். ஓனர் முகம் சுளித்துக்கொண்டு போய்விட்டார். என் வேலை தங்கியது.

அதன் பிறகு பதினோரு வருஷம் அதைச் சொல்லியே அவனை வாரினேன். "உன் பொட்டிக்கு ஒரு தபேலா வாசிக்கத் துப்பில்லையேடா." ஒவ்வொரு தடவையும் ஒரே பதில்தான்: "ஆமாக்கா. அது மக்குக்கா."

நடுவில் அடையாறில் ஒரு ரிசப்ஷன். முதல் நாள் கதவிடுக்கில் மாட்டி என் வலது ஆள்காட்டி விரல் கத்திரிக்காய்போல் வீங்கியிருந்தது. "முடியலைன்னா சொல்லும்மா, இனிமே வேற ஏற்பாடு பாத்துக்கறேன்" என்றார் ஓனர். அந்த 'இனிமே' எனக்குப் புரிந்தது. துணியைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்தேன். என்ன ஆச்சரியம், ஸ்பீக்கரில் என் நாதம் முழுசாகக் கேட்டது! முடிந்ததும் ஓனரே வந்து, "கை வலின்னே தெரியலம்மா" என்றார். "ஒம்பது விரல்லயே வாசிச்சேன், பாத்தியாடா?" என்று அருளிடம் பீற்றிக்கொண்டேன். "சூப்பர்க்கா" என்று வயரைச் சுருட்டிக்கொண்டிருந்தான்.

ஏழாம் நாள் பூசை முடிந்ததும் செல்வி பெட்டியைத் துணியில் சுற்றிக் கொடுத்தாள். "நீயே எடுத்துக்கினு போக்கா. எனக்கு ஆன் பண்ணக்கூடத் தெரியாது." வீட்டில் வைத்து ஒரு பாட்டை ஓடவிட்டேன். எட்டாவது டிராக்கில் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. என்னதான் இருக்கிறது என்று ம்யூட்டை எடுத்தேன்.

என் தபேலா. அந்த மதியம் நான் சலித்துக்கொண்டே அடித்த அடிகள். சரணத்துக்கு முன்னால் நான் ஒரு முடி அளவு தாமதிப்பேன், அதுகூட இருந்தது. அடுத்த பாட்டிலும் இருந்தது. எல்லாப் பாட்டிலும் இருந்தது, எல்லாவற்றிலும் ம்யூட். ஒரு வாரத்தில் என்னைத் தெருவில் விட்டிருக்கலாம். அதற்குப் பதில் தன் பெட்டியை மக்கு என்று சொல்லிக்கொண்டு பதினோரு வருஷம் என் கேலியை வாங்கிக்கொண்டிருந்தான். உட்கார்ந்து அழுதேன்.

ஒரே ஒரு கச்சேரிக் கோப்பில் மட்டும் எட்டாவது டிராக் திறந்திருந்தது. சத்தம் பாதிக்கும் கீழே, என் கைக்கு அடியில் ஒளிந்துகொள்ளும் அளவுக்கு. கோப்பின் பெயரை ஆங்கில எழுத்துகளில் 'அக்கா விரல்' என்று போட்டிருந்தான்.

அருளை அறிந்தவர்கள் அவனிடமிருந்து எதை எதையோ வைத்திருப்பீர்கள். என்னிடம் இருப்பது இதுதான். விரல் ஆறி எத்தனையோ காலமாகிவிட்டது. மறுபடி வீங்கினால் உதவட்டும் என்று அவன் அதை அழிக்காமல் வைத்திருந்தான். நானும் அழிக்க மாட்டேன்.