பைக்குள் இருந்த படம்

என் பள்ளிப் புத்தகங்களில் படம் வர வேண்டிய இடத்திலெல்லாம் ஒரே ஒரு வரிதான் இருக்கும்: 'படம் தவிர்க்கப்பட்டுள்ளது.' பிரெய்ல் புள்ளிகளில் அந்த வரியைத் தடவும்போதெல்லாம் எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும். பக்கத்து வகுப்புப் பிள்ளைகள் படத்துக்கு மீசை வரைந்து அடி வாங்குவார்கள். எனக்கு அடி வாங்கக்கூட ஒரு படம் கிடையாது. பார்வை இல்லாதவளுக்குப் படம் எதற்கு என்று யாரோ எங்கோ உட்கார்ந்து முடிவு செய்திருந்தார்கள்.

அதனால்தான் கழக்கூட்டத்தில் பிரெய்ல் மென்பொருள் செய்யும் ஒரு சின்னக் கம்பெனி, அதைச் சோதித்துப் பார்க்க ஆள் தேடியபோது ஓடிப்போய்ச் சேர்ந்தேன். ஆரியசாலையிலிருந்து தினமும் அவ்வளவு தூரம் பஸ்ஸிலா என்று வீட்டில் முணுமுணுத்தார்கள். நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

பாடப்புத்தகத்தைக் கொடுத்தால் மென்பொருள் எழுத்தைப் பிரெய்லாக்கிவிடும். படத்தை மேடான புள்ளிகளாக்கித் தடித்த தாளில் அச்சடித்துத் தரும். எழுத்தில் குறை சொல்ல முடியாது. படத்தில்தான் வம்பு. பத்தாம் வகுப்பு உயிரியலில் காதின் உள்ளமைப்பு என்று என் கைக்கு வந்த தாளில் கோடு, நிறம், பெயர் எல்லாம் ஒரே உயரப் புள்ளிகளாகப் பின்னிக் கிடந்தன.

"இது காது இல்ல சார், இடியாப்பம்" என்றேன்.

மேனேஜர் கோட்டைப் பக்கத்து அக்ரகாரத்துக்காரர். அதிர்ந்து பேசமாட்டார். "நான் கண்ணை மூடிண்டு தொட்டுப் பார்த்தேனே. இதோ மடல், இதோ செவிப்பறை. நன்னாத் தெரியறதே!"

"எனக்கும் புரியுதுக்கா" என்றான் படப் பகுதியை எழுதிய தென்காசித் தம்பி. அவன் மேஜை வரிசையில் இருந்த எல்லோரும் கண்ணை மூடித் தடவிப் பார்த்துத் தலையாட்டினார்களாம்.

"உங்களுக்குச் சந்தேகம்னா இந்தத் தடவை படத்தை விட்டுடலாம். தவிர்க்கப்பட்டதுன்னு ஒரு வரி போட்டாப் போறும்" என்றார் மேனேஜர்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. திரையில் மணிக்கணக்காகப் பார்த்த படத்தைக் கண்ணை மூடித் தொட்டால் தெரியாமல் எங்கே போகும்? விரல் தாளில் இருந்தாலும் மனுஷர் ஞாபகத்திலிருந்துதான் சொல்லிக்கொண்டிருந்தார்.

மறுநாள் காலை, அவர்கள் இன்னும் திறந்தே பார்க்காத ஒரு பக்கத்தை அதே மென்பொருளில் அச்சடித்தேன். சாலைக் கடைத்தெருவுக்குக் கொண்டுபோகும் பெரிய துணிப்பைக்குள் தாளைப் போட்டு மேனேஜரிடம் நீட்டினேன். "கண்ணைத் திறந்தே வச்சுக்கிடுங்க சார். கையை மட்டும் உள்ள விட்டு, என்னதுன்னு சொல்லுங்க."

வெகுநேரம் தடவினார். "வட்டமா இருக்கே... பப்படமோ?"

தம்பி கையை விட்டான். "வண்டிச் சக்கரமாக்கா?"

மூன்றாவதாக வந்தவர் கிழக்கேகோட்டை பஸ் ஸ்டாண்டின் வரைபடம் என்று அடித்துச் சொன்னார். தாளை வெளியே எடுத்துக் காட்டினேன். "கண்ணு சார். மனுசக் கண்ணு."

முதலில் வாய்விட்டுச் சிரித்தவர் மேனேஜர்தான். "தோத்துட்டேன்மா. படத்தைச் சரி பண்ணுங்கோ. ஆனா, பார்வை இல்லாத பள்ளிக்கூடத்துக் கொழந்தை ஒண்ணு, யாரும் சொல்லிக்கொடுக்காம இன்னதுன்னு சொல்லணும். இல்லேன்னா படத்தையே எடுத்துடுவேன்."

அப்புறம் நடந்ததெல்லாம் சண்டைதான். காதை மூன்று தாள்களாகப் பிரித்தோம். அழகுக்குப் போட்ட கோடுகளை அழித்தோம். பெயர்களைக் கோடுகளிலிருந்து தள்ளி வைத்தோம். படத்தைச் சுருக்கினால் எழுத்தும் சேர்ந்து சுருங்கியது; பிரெய்ல் எழுத்துக்கு ஒரே அளவுதான், சுருங்கினால் விரலுக்குப் பிடிபடாது என்று கத்தினேன். என் கைத்தடிச் சத்தம் கேட்டாலே தம்பி பெருமூச்சு விட்டான். ஆனாலும் சலிக்காமல் மாற்றிக் கொடுத்தான், நல்ல பிள்ளை.

ஒரு பகல் வேளையில், பார்வை இல்லாத பத்தாம் வகுப்புப் பெண் ஒருத்தி டீச்சருடன் வந்தாள். அப்பாவுக்குத் தம்பானூரில் ஹோட்டல் வேலை, சொந்த ஊர் நாகர்கோவில் பக்கம். தாள்களை முன்னால் வைத்துவிட்டு நாங்கள் வாயைத் திறக்கவில்லை. விரல் தாளில் உரசும் சத்தம் மட்டும் கேட்டது. போயிற்று, நின்றது, திரும்பி வந்தது. இவளும் பப்படம் என்றால் நான் என்ன செய்வேன்?

"இது செவியல்லே?" என்றாள். "இங்கன தொறந்து உள்ள போவுது. இது தோலு மாதிரி அடைச்சிருக்கு, செவிப்பறை. அப்புறம்... ஐயோ, நத்தை கணக்கா சுத்திச் சுத்திப் போவுதே!"

யாரோ கைதட்டினார்கள். டீச்சர் அவள் முதுகில் தட்டிக்கொடுத்து, மலையாளமும் தமிழும் கலந்து சொன்னார். "நன்னாயி மோளே. பரீட்சைக்குப் பேடிக்கண்டா, பயமே வேண்டாம். படம் வந்தா உனக்கு வேற சோத்யம் தருவாங்க." படக் கேள்விக்குப் பதிலாக எங்களைப் போன்றவர்களுக்கு மாற்றுக் கேள்வி கொடுப்பது வழக்கம். எனக்கும் அப்படித்தான் கொடுத்தார்கள், நானும் வாங்கிக்கொண்டேன்.

"வேண்டா டீச்சரே" என்றாள் அவள். "வேற கேள்வி எனக்கெதுக்கு? எல்லாருக்கும் குடுக்கிற படத்தையே தாங்க. நான் எழுதுவேன்."

மேனேஜர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் நான், நாற்பது வயதுக்காரி, ஆபீஸ் என்றும் பாராமல் இரண்டு விரலை வாயில் வைத்து விசில் அடித்துவிட்டேன்.