பதினொரு இழுப்பு

மாத்திரையை இடுக்கியில் பிடித்து, சாவி தேய்க்கும் அரங்களில் மிக மெல்லியதால் எண்ணிப் பதினொரு இழுப்பு. உதிர்ந்த பொடியை ரதோய்கா ஊதித் தள்ளுகிறாள். மிச்சத்தை நாக்கடியில் வைக்கிறாள். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை இழுப்பு ஒன்று கூடும். தேய்த்து முடியும்வரை வாடிக்கையாளர்கள் நிற்க வேண்டியதுதான்.

செர்பியாவின் நிஷ் நகரச் சந்தைமுனையில் அவளுக்குச் சாவிக்கடை. வானிலிருந்து குண்டு விழுந்து சைரன் ஊளையிட்ட தொண்ணூற்றொன்பது வசந்தத்தில் பதற்றம் தணியவென்று பழகிக்கொண்ட மாத்திரை. அன்று தெருவே விழுங்கியது; அவள் கட்டடத்திலேயே குடியிருக்கும் நானும்தான், இன்னும் விட்டபாடில்லை. போன குளிர்காலத்தில் இவள் ஒரே நாளில் நிறுத்தினாள். நான்காம் நாள் கடைக்குள்ளேயே வலிப்பு வெட்டி இழுத்து விழுந்தாள். டாக்டர் திட்டித் தீர்த்துவிட்டு, சிறுகச் சிறுகக் குறைக்கச் சொன்னார். அதற்குத்தான் இந்த அரம்.

அப்படியும் படுகிற பாடு கொஞ்சமல்ல. தூக்கமில்லை. தோலுக்கடியில் எறும்பு ஊர்கிறதாம். ஃபிரிட்ஜ் உறுமுவது மண்டைக்குள் கேட்கிறதென்று பிளக்கைப் பிடுங்கி, நான் கொடுத்து வைத்திருந்த இரண்டு கிலோ சீஸைப் பாழாக்கினாள். கேட்டால், "கத்தாதடி ஸ்தானா. உன் சீஸைவிட என் மண்டை பெருசு" என்கிறாள்.

எங்கள் கட்டடத்துப் பெண்களோ அதற்கு மேல். ஒருத்தி கண் கலங்கினால் போதும், அடுத்தவள் கைப்பை திறந்துவிடும். காபித் தட்டில் சர்க்கரைக் கட்டி, பக்கத்தில் பாதி மாத்திரை. மூன்றாம் மாடி வெரிட்சா அக்கா தினமும் வைக்கிறாள்.

"பாதிதானேடி, என்ன ஆயிடும்? உனக்கு ஜன்னல் காத்துதான் ஆகல. சாத்திட்டுப் படு."

ரதோய்கா சர்க்கரையை மட்டும் எடுத்துக்கொள்வாள். "அஞ்சு மாசமா தேய்ச்சதை ஒரு காபியில அழிச்சிடாதீங்கக்கா."

கை நடுக்கம் தொழிலையும் கெடுக்கிறது. என் வீட்டுச் சாவிக்கு நகல் கேட்டு மூன்று முறை நடந்துவிட்டேன். மூன்றும் பூட்டில் நுழைகின்றன. திரும்ப மாட்டேன் என்கின்றன. நேற்று எனக்குப் பொறுமை போயிற்று.

"இது சாவியா, முள்கரண்டியா? நடுக்கம் நிக்கிறவரைக்கும் கடையைச் சாத்தித் தொலையேன்!"

"சாத்திட்டு வீட்டுல உக்காந்தா அன்னிக்கே முழு மாத்திரையைத் தேடுவேன்டி."

எனக்கு எரிச்சலும் அழுகையும் சேர்ந்து வந்தன. பழக்கதோஷம், என் கை பைக்குள் போய்ப் பாதி மாத்திரையோடு வெளியே வந்தது. தேய்த்துத் தேய்த்து இவள் மாத்திரையே இப்போது ஒரு பொட்டளவுதான் என்று தெரிந்தும் நீட்டினேன்.

அதையே பார்த்தாள். எடுத்து என் பையிலேயே போட்டு ஜிப்பை இழுத்தாள். பிறகு நீட்டியபடியே இருந்த என் கையைப் பற்றித் தன் மணிக்கட்டு ஆடாதபடி அதன் மேல் அழுத்தி வைத்துக்கொண்டு, நான்காவது சாவிக்கு இயந்திரத்தைப் போட்டாள்.