தரை எந்தப் பக்கம்

மத்திகிரி கால்நடைப் பண்ணையில் என் கணவர் ஓவர்சியர். தொழுவங்களுக்கு வரைபடம் போட்டுக் கட்டி முடிப்பது அவர் வேலை. நான் வீட்டில் உட்கார்ந்து கதை எழுதிக்கொண்டிருந்தேன். ஐம்பதுகளின் கடைசி வருஷங்கள். மனிதன் விட்ட கோள் ஒன்று பூமியைச் சுற்றுவதாகப் பத்திரிகைகளெல்லாம் எழுதிய சமயம். நானும் ஆகாயத்தில் சக்கர வடிவில் ஒரு நிலையம் கட்டி, நாற்பது பேரைக் குடிவைத்து, மதராஸ் பத்திரிகை ஒன்றுக்குக் கதை அனுப்பினேன்.

ஆசிரியரிடமிருந்து கார்டு வந்தது. கதை பிடித்திருக்கிறதாம், சமையலறை எங்கே, படுக்கை எங்கே என்றுதான் பிடிபடவில்லையாம். படம் போட்டு அனுப்பச் சொன்னார்.

போட்டேன். கணவர் பார்த்தார்.

"சக்கரம் சுத்துதுன்னு எழுதியிருக்கே. கீழ இருக்கிற சமையக்கட்டு மேல வர்றப்போ சோத்துக் குண்டான் கவுந்துடாதா?"

சுற்றினால் எடை வரும் என்று எங்கோ படித்திருந்தேன். எந்தப் பக்கமாக என்று யோசிக்கவே இல்லை. மூன்று நாள் காகிதம்தான் வீணாயிற்று.

நாலாம் நாள் சாயங்காலம், பண்ணையில் பால் கறக்கும் பெண் எங்கள் கிணற்றடியில் வாளி கழுவினாள். வீட்டில் தெலுங்கு பேசுகிறவள், என்னோடு தமிழ். கழுவிய வாளியில் பாதித் தண்ணீரோடு, விளையாட்டாகத் தலைக்கு மேலே ஒரு சுற்றுச் சுற்றினாள். ஒரு சொட்டு விழவில்லை.

"இன்னொரு தடவை சுத்து!" என்று கத்தினேன்.

சுற்றினாள். வாளியின் அடிப்பக்கம் எப்போதும் வெளியே பார்த்திருந்தது. தண்ணீர் அதில் ஒட்டிக்கொண்டு போயிற்று. தரை கீழே இல்லை. சக்கரத்தின் வெளி விளிம்பு முழுக்கத் தரை!

மறுநாள் ஞாயிறு. தீவனம் அறுத்த காலி நிலத்தில் கணவர் முளை அடித்து, முப்பதடிக் கயிறு கட்டி, சுண்ணாம்புத் தூளால் பெரிய வட்டம் போட்டார். அதற்குள் எட்டடி தள்ளி இன்னொன்று. வெளிக்கோடு தரை, உள்கோடு கூரை. நடுவில் தடுப்புச் சுவர்கள். சமையலறை, படுக்கை, பயிர் வளர்க்க ஓர் அறை.

"மாடு எங்கம்மா கட்டுவீங்க?" என்றாள், வேடிக்கை பார்க்க வந்த பால் கறக்கும் பெண். பயிர் அறைக்குப் பக்கத்தில் ஒரு தொழுவமும் வந்தது.

"இதுல எப்படி நிக்கிறது?" என்று கேட்டாள்.

"படுத்துக்கோ. பாதத்தைத் தரைக்கோட்டுல வெச்சுக்கோ. அங்க அதுதான் நிக்கிறது" என்றேன்.

அவள் தொழுவத்தில் படுத்தாள். எதிர்ப்பக்கம் சமையலறையில் நான். தலையை அண்ணாந்தேன். நடு முளைக்கு அப்பால், என்னை நோக்கி அவள் உச்சந்தலை. என் கூரைக்கு மேலே ஒருத்தி தலைகீழாக நிற்கிறாள். அவளுக்கு நான் தலைகீழ். இரண்டு பேருமே நேராகத்தான் நிற்கிறோம். எழுதியவள் நான்தான், ஆனால் அந்த நிலையத்துக்குள் அன்றைக்குத்தான் முதன்முதலாகக் கால் வைத்தேன்.

புதுப் படம் வரைந்து அனுப்பினேன். கதை வெளிவந்தது. படத்தைப் போடவில்லை. அவளுக்கு முழுவதும் வாசித்துக் காட்டினேன்.

"இந்த பூமியும் சுத்துதுன்னு சொல்றாங்களே. அப்போ நாம உள்ளயா வெளியவா, எந்தப் பக்கம்மா நிக்கிறோம்?"

இரண்டு பேரும் வானத்தைப் பார்த்தபடி நின்றோம்.