ராணி அக்காவின் கருவாட்டு இடம்

தோள்வரை கையை மணலுக்குள் விட்டு ஆமை முட்டையைத் தடவிக்கொண்டிருக்கும்போதுதான் ஊரில் உள்ளவர்களுக்கெல்லாம் நம்மிடம் பேசத் தோன்றும். கடற்கரையில் இந்த வேலை பார்க்கிற எல்லாருக்கும் இது பழகியிருக்கும்.

என்ன தொலைஞ்சுது?

அன்று வந்தவர் வேதாரண்யத்துக்குத் தீர்த்தமாட வந்தவர். ஈர வேட்டியோடு பக்கத்தில் குந்திக்கொண்டு, மோதிரமா, சங்கிலியா என்று விசாரித்தார். ஆமை முட்டை, எடுத்துக்கொண்டுபோய் வேலிக்குள் புதைத்து, குஞ்சு வந்ததும் கடலில் விடுவோம் என்றேன். ஈர வேட்டியின் முனையைப் பிழிந்துகொண்டே கேட்டார்.

"இங்க இருக்கிறத எடுத்து அங்க பொதைக்கிறதுக்கா சம்பளம்?"

நாற்றங்கால்

முருகையன் திருவையாற்றுப் பக்கம் விவசாயி வீட்டுப் பிள்ளை. குஞ்சு பொரிப்பகத்தில் புதிதாகச் சேர்ந்தவர். ஒருநாள் காலையில் போனால், முட்டைக் குழிகளைச் சுற்றி நூல் பிடித்தாற்போல வரப்பு கட்டியிருந்தார். குடத்தில் தண்ணீர் தயாராக இருந்தது. மணல் சுடுகிறதாம். அந்தச் சூட்டில்தான் பொரியும், தண்ணீர் நின்றால் முட்டை அழுகிவிடும் என்றதும் குடத்தை மெதுவாகக் கீழே வைத்தார்.

"அப்ப மேட்டூரே தொறந்தாலும் இங்க மடைய அடைச்சுடணும்னு சொல்லுங்க."

பட்டா

ராணி அக்கா கருவாடு போடுகிறவர். பந்தல் கால் நட மணலைப் பறித்தபோது முட்டை தெரிந்து எங்களைக் கூப்பிட்டனுப்பினார். காற்றில் ஆமை வந்த தடம் அழிந்து, எங்கள் கண்ணுக்குத் தப்பிய கூடு. முட்டையிட்டுப் பல நாள் ஆகியிருந்தது. இனி எடுத்தால் உள்ளே கரு செத்துவிடும். அங்கேயே விடவேண்டும். கருவாட்டு வாசனைக்கு நாய் வரும், தோண்டும். அதனால் குஞ்சு வரும்வரை அந்த இடத்தில் மீன் போடக்கூடாது என்று அக்காவிடம் சொன்னேன்.

மழை இல்லாத இந்த மாதங்களில் காய்வதை வைத்துத்தான் அவர் வீட்டில் வருஷம் முழுக்க அடுப்பு எரியும். வேறு இடமென்றால் உப்பளத்து ஓரம்தான். ஈரத்தரை, நெத்திலி சரியாகக் காயாது. ஆமையைக் காக்கும் சட்டத்தைச் சொல்லியிருக்கலாம், சொல்லவில்லை. அக்கா பந்தல் காலை மணலில் போட்டுவிட்டு, முட்டையிட்டுப்போன ஆமையைத் திட்டினார்.

"இவ்ளோ நீளக் கடக்கரையில என் எடந்தானா கெடச்சுது அவளுக்கு? எனக்கே பட்டா இல்லாத எடம் இது."

வலை

மறுநாளே அக்கா மீனையெல்லாம் உப்பளத்து ஓரத்துக்கு மாற்றிவிட்டார். கருவாட்டைக் காக்கை கொத்தாமலிருக்கப் போர்த்துகிற பழைய வலையைக் கூட்டின்மேல் போர்த்தி, சுற்றிலும் கல் வைத்திருந்தார். நாய் அண்டவில்லை. ஆனால் வெளியே வரும் குஞ்சும் அதிலேயே சிக்கிக்கொள்ளும். பொரிக்கும் நாள் நெருங்கியதும் எடுக்கச் சொன்னேன். எடுத்தால் நாய் வராதா என்றார். வரும் என்றேன். வலையைச் சுருட்டித் தலைக்கு வைத்துக்கொண்டு அங்கேயே பாய் விரித்தார். நாங்கள் காவல் இருக்கிறோம், வீட்டுக்குப் போங்கள் அக்கா என்று முருகையன் சொல்லிப் பார்த்தார்.

"நீங்க தூங்குனா, நாய் எழுப்பி உத்தரவு கேட்டுக்கிட்டா தோண்டும்?"

இறங்கும்போது

விடிகிற நேரத்தில் மணல் உள்வாங்கியது. குஞ்சுகள் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறி வந்தன. முருகையன் கம்போடு நின்றதால் நாய்கள் தூரத்திலேயே உட்கார்ந்துவிட்டன. அக்கா குஞ்சுகளோடு நடந்தபடி, நெத்திலி இந்த வருஷம் காயவே இல்லை, கூத்தாநல்லூர் வியாபாரி தொட்டுப் பார்த்துவிட்டு முகத்தைச் சுளித்தார் என்று சொல்லிக்கொண்டு வந்தார்.

"அடுத்த வருசம் அவளப் பக்கத்து ஊர்க் கரைக்குப் போகச் சொல்லுங்க."

சொல்லிப் பார்க்கிறேன் என்றேன். ஆமைக்குச் சேதி சொல்வதும் இந்த வேலையில் சேர்த்திதானே. படகை இழுத்த தடம் குறுக்கே பள்ளமாகக் கிடந்தது. அக்கா வியாபாரியைத் திட்டிக்கொண்டே, குஞ்சுகளுக்கு முன்னால் போய், குதிகாலால் மணலைத் தள்ளித் தள்ளி அதை மூடினார்.